குடியிருப்பு மண்டலத்தில் 62 சென்ட்: பட்டறைக்கு நில உபயோக மாற்றம் கிடைக்குமா?

#1 பட்டறை_62

கோவை உள்ளூர் திட்டப் பகுதிக்குள், மாநகராட்சிக்கு வெளியே, ஒரு ஊராட்சியில் 62 சென்ட் காடு (விளைநிலம்) இருக்குங்க. பட்டாவில் புன்செய். முழுமைத் திட்ட வரைபடத்தில் (மாஸ்டர் பிளான்) குடியிருப்பு மண்டலம். மனைப்பிரிவு எதுவும் போடலை. வைக்க வேண்டியது 4 சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்), 1 விஎம்சி (கணினி இயக்கும் மில்லிங் மெஷின்), 10 எச்பி கம்ப்ரசர், 2 பெஞ்ச் கிரைண்டர், பின்பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் (தூள் பெயின்ட் பூச்சு) லைன். மொத்தம் 90 எச்பி வரும். முன்னால் 30 அடி தார் ரோடு. மெயின் ரோட்டிலிருந்து வர்ற வழியில் ஒரு இடத்தில் அது 18 அடியா சுருங்குது. மேற்கே ஒட்டி 4 வீடு. தெற்கே 180 மீட்டரில் ஒரு பள்ளம் (ஓடை) போகுது.

தொழிற்சாலை மண்டலமா மாத்த முடியுமா? யார்கிட்ட விண்ணப்பிக்கணும்? மாத்தின கையோட ஷெட் போட்டுடலாமா?

#2 புலப்படம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போட முடியாது. நில உபயோக மாற்றம் கிடைத்தால் அந்த சர்வே எண்ணில் தொழிற்சாலைக்கு விண்ணப்பம் போடலாம் என்ற நிலை வரும். அவ்வளவுதான். அதன்பின் திட்ட அனுமதி, கட்டட அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, ஊராட்சிகள் சட்டம் 1994 பிரிவு 160-ன் கீழ் இயந்திரம் நிறுவ ஊராட்சியின் அனுமதி, ஆள் எண்ணிக்கை வரம்பைத் தொட்டால் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரைபட ஒப்புதல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி.

இனி அடிப்படை. பட்டாவில் "புன்செய்" என்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. வரைபடத்தில் "குடியிருப்பு" என்பது நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வகைப்பாடு. ஒன்று மாறினால் மற்றது தானாக மாறாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் "புன்செய்தானே, ஒன்றும் தடையில்லை" என்பார்கள். அவர்கள் பதிவேட்டைப் பொறுத்தவரை அது சரி. உங்கள் கேள்விக்கு அது பதில் ஆகாது.

மாற்றம் எந்தப் பிரிவில் வரும் என்பது நிலம் எந்தத் திட்டத்துக்குள் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் மூன்று வழி உண்டு.

முழுமைத் திட்டத்தின் மண்டலம் மட்டும் பொருந்தும் நிலம் என்றால் பிரிவு 32(4). கோவைக்கு 12-10-1994 தேதியிட்ட அரசாணை 661-ல் ஒப்புதலான முழுமைத் திட்டத்தைத்தான் இத்தனை ஆண்டும் இப்படி ஒவ்வொரு சர்வே எண்ணாகத் திருத்தி வந்திருக்கிறார்கள்.

அதற்கு மேல் ஒரு விரிவு அபிவிருத்தித் திட்டமும் (முழுமைத் திட்டத்துக்குள் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் விரிவாகப் போடுவது) அந்தப் பகுதிக்கு இருந்தால் பிரிவு 33. கணபதி, பீளமேடு மாதிரி இடங்களில் இந்த இரண்டாவது அடுக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு 60 நாள் உண்டு.

எந்தத் திட்டத்துக்குள்ளும் வராத ஊர்களுக்கு 47-ஏ. அது விவசாய நிலத்தை மற்ற உபயோகத்துக்கு மாற்றும் வழி. உங்களுக்குப் பொருந்தாது. தரகர்கள் மூன்றையும் குழப்பி ஒரே ரேட் சொல்வார்கள். எந்தப் பிரிவில் விண்ணப்பம் போகிறது என்று எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பம் உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு, ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக. அதற்கும் முன்னால் க.ச. எண்ணுக்கு (நிலத்தின் சர்வே எண்) நில உபயோகச் சான்று எழுத்தில் வாங்குங்கள். வரைபடத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். அந்த அளவையில் ஒரு கோட்டின் தடிமனே தரையில் பல மீட்டர். எல்லையோர நிலம் என்றால் பாதி ஒரு மண்டலம், பாதி இன்னொன்று என்றும் வரும்.

#3 வரைவாளர்

புலப்படம் சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்கிறேன். மாற்றம் தேவையா என்பதையே முதல்ல பாருங்க. ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு ரெண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கு. எந்தத் தொழில், எத்தனை ஆள், மோட்டார் எத்தனை எச்பி வரைக்கும்னு மூணு வரம்பையும் ஒண்ணாப் படிக்கணும். மூணில் ஒண்ணு மீறினாலும் அனுமதி கிடையாது. 90 எச்பி முதன்மைக் குடியிருப்பில் நிச்சயம் உட்காராது. உங்க இடம் கலப்புக் குடியிருப்பா இருந்தா, பவுடர் கோட்டிங் இல்லாம, மெஷினைக் குறைச்சு ஆரம்பிக்க இடமிருக்கான்னு கணக்குப் போடலாம். எச்பி கணக்கில் லேத்தோட ஸ்பிண்டில் மோட்டாரை மட்டும் எழுதிட்டுப் போறவங்க நிறைய. கூலன்ட் பம்ப், ஹைட்ராலிக் பவர் பேக், சிப் (உலோகச் சீவல்) கன்வேயர், கம்ப்ரசர், போர் மோட்டார் எல்லாத்தோட பெயர்ப்பலகையையும் பார்த்துக் கூட்டுங்க.

அடுத்தது ரோடு. உங்க கேஸ்ல இதுதான் கழுத்தைப் பிடிக்கும். இடத்துக்கு முன்னாடி 30 அடி இருக்கறதால ஆகப்போறது ஒண்ணுமில்ல. மெயின் ரோட்டிலிருந்து இடம் வரைக்கும் எது குறுகலான இடமோ அதைத்தான் ஆய்வுக்கு வர்றவர் குறிச்சுக்குவார். 18 அடிங்கறது 5.5 மீட்டர். லாரியோட அகலம் சட்டப்படி 2.6 மீட்டர் வரை வரலாம். எதிர் எதிரா ரெண்டு வந்தா 5.2. மிச்சம் ஒரு அடி. அதுக்குள்ளதான் சாக்கடை, கம்பம், நடக்கற ஆள் எல்லாம்.

அளக்கும்போது தார் ஓரத்திலிருந்து தார் ஓரம் அளக்காதீங்க. எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல் அளக்கணும். புல வரைபடத்தில் (சர்வே துறையோட அளவுப் படம்) ரோடு எத்தனை அகலம்னு பாருங்க. படத்தில் 24 அடி, தரையில் 18 அடின்னா ஆக்கிரமிப்பு. அதை சர்வேயர் அளந்து மீட்கலாம். படத்திலேயே 18-னா பக்கத்துத் தோட்டக்காரரிடம் நிலம் வாங்கி ஊராட்சி பேருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கறதைத் தவிர வேற வழியில்ல.

அது ரோடுதானா, இல்ல இட்டேரிக்கு (வேலிகளுக்கு நடுவில் போற தோட்டத்து வழி) மேல தார் போட்டதா? பத்திரத்தில் "வண்டி வாகன மாமூல் தட பாத்தியம்"னு எழுதியிருந்தா அது தனியார் வழிப் பாத்தியம். பொது ரோடு இல்ல. ஊராட்சி தார் போட்டிருந்தாலும் ரோடு பதிவேட்டில் ஏறியிருக்கான்னு நகல் வாங்கிப் பாருங்க. கொங்குப் பக்கம் அரைவாசி விண்ணப்பம் நிக்கறது இந்த இடத்தில்தான்.

#4 இசைவாணை

பவுடர் கோட்டிங் பற்றி. இந்த ஒரு லைன் உங்கள் மொத்தத் திட்டத்தையும் வேறு வகைக்குத் தூக்கிவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை மாசின் அளவுப்படி நிறம் கொடுத்துப் பிரிக்கிறது. அதன் 2016 பட்டியலில், சூட்டுப்பதனம், மேற்பரப்புப் பூச்சு, பெயின்ட் எதுவும் இல்லாத உலர் பொறியியல் வேலை பச்சை வகை. ஆசிட் பிக்லிங், பாஸ்பேட்டிங் போன்ற உலோக மேற்பரப்பு வேலை சிவப்பு. 2025 ஜனவரியில் வகைப்பாட்டைத் திருத்தி மாசு மதிப்பெண் எல்லைகளை மாற்றினார்கள்: 80-ம் அதற்கு மேலும் சிவப்பு, 55 முதல் 80-க்குள் ஆரஞ்சு, 25 முதல் 55-க்குள் பச்சை, 25-க்குக் கீழே வெள்ளை. கூடவே நீலம் என்ற புது வகையும் வந்தது. விண்ணப்பிக்கும் நாளில் தமிழ்நாடு வாரியம் நடைமுறையில் வைத்திருக்கும் பட்டியலை எடுத்து, உங்கள் வேலையின் பெயர் எந்த வரியில் வருகிறதென்று பாருங்கள்.

பவுடர் தூவுவதும் அடுப்பில் 180 முதல் 200 டிகிரியில் சுடுவதும் பெரிய பிரச்சினை இல்லை. அதற்கு முன்னால் உள்ள தொட்டி வரிசைதான் பிரச்சினை. எண்ணெய் நீக்கம், கழுவல், துரு நீக்கும் ஆசிட், கழுவல், பாஸ்பேட், கழுவல், பாசிவேஷன் என்று 7 தொட்டி. நடுவில் உள்ள கழுவல் தொட்டிகளில் இருந்து தினமும் தண்ணீர் வெளியேறும். அதில் ஆசிட், துத்தநாகம், பாஸ்பேட் இருக்கும். பாஸ்பேட் தொட்டியின் அடியில் தேங்கும் சேறு அபாயக் கழிவு. அதை மூடிய தளத்தில் சேமித்து, அனுமதி பெற்ற இடத்துக்கு உரிய ஆவணத்துடன் அனுப்ப வேண்டும்.

இதோடு உங்கள் தெற்குப் பள்ளத்தைச் சேர்த்துப் பாருங்கள். 1989-ன் அரசாணை 213 ஆறு, ஓடை, நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழில்களைத் தடுக்கிறது. 1998-ன் அரசாணை 127 காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் 5 கிலோமீட்டர் வைத்தது. நொய்யல் காவிரியின் துணையாறு. பள்ளம் 180 மீட்டரில் இருக்க, தொட்டி வரிசையோடு விண்ணப்பம் போட்டால் மண்டலம் மாறினாலும் இசைவாணை கிடைக்க வழியில்லை. நில உபயோக மாற்றத்தின் போதே வாரியத்திடம் கருத்துக் கேட்பார்கள். அங்கேயே கோப்பு நின்றுவிடும்.

கோட்டிங்கை வெளியே வேலைக்குக் கொடுங்கள். திட்ட அறிக்கையிலும் அதைச் சேர்க்காதீர்கள். "பிற்கால விரிவாக்கம்" என்று ஒரு வரி எழுதினால்கூட அதை வைத்துத்தான் வகைப்படுத்துவார்கள்.

#5 பட்டறை_62

கோட்டிங்கை எடுத்துட்டேன். இப்ப 65 எச்பி. பக்கத்து வீடுகளுக்கு சத்தம் எந்த அளவு போகலாம்? 62 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒண்ணு வைக்கணும்.

#6 தெற்குவீதி

அந்த 4 வீட்டுக்காரர்கள் இடத்தில் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர்கள் குடியிருப்பு மண்டலம் என்று பார்த்துத்தான் அங்கே கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் குடியிருப்பு, நடுவில் ஒரே ஒரு க.ச. எண்ணுக்கு மட்டும் தொழிற்சாலை என்ற மாற்றத்தை நான் கொள்கையாகவே எதிர்க்கிறேன். ஒரு இடம் மாறினால் அதைக் காட்டியே அடுத்த இடம் கேட்பார்கள். பத்து வருடத்தில் அந்த ரோட்டில் சைக்கிளில் பிள்ளைகள் போக முடியாது. கோவையில் அப்படி ஆன வீதிகள் பல. பட்டறை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஊரின் சோறே அதுதான். வீடு எங்கே, பட்டறை எங்கே என்று பிரித்து வைக்கத்தான் திட்டம் என்ற ஒன்று போடப்பட்டது.

இதே நிலையில் இருக்கும் குடியிருப்போருக்காக எழுதுகிறேன். அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நல்ல காரணங்களையும் வீணாக்குகிறார்கள். 200 பேர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதத்துக்கு "பொதுவான ஆட்சேபம்" என்று ஒரே வரியில் பதில் எழுதி மூடிவிடலாம். கணக்கில் வருவது இவை:

அறிவிப்பில் உள்ள க.ச. எண், கிராமம், அறிவிப்பின் தேதி தலைப்பிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டின் க.ச. எண்ணும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் மீட்டரில் வேண்டும். ரோட்டின் குறுகலான இடத்தை நாடாப் பிடித்து அளந்து, நாடா தெரியும்படி படம் எடுத்து இணையுங்கள். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ 100 மீட்டருக்குள் இருந்தால் தனிப் பத்தியாக எழுதுங்கள். ஒலி விதிகள் 2000-ல் அமைதி மண்டலத்துக்கான வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபல். குடிநீர்க் கிணறு, ஆழ்துளைக் கிணறு, மழைநீர் ஓடும் திசை இவற்றைக் கையால் வரைந்த படத்தில் காட்டினாலும் போதும். கெடு நாளுக்குள் நேரில் கொடுத்து, தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். விசாரணைக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். பின்னால் நீதிமன்றம் போனால், ஆட்சேபம் கொடுத்தீர்களா, அதற்குக் காரணத்தோடு பதில் சொன்னார்களா என்பதுதான் முதலில் பார்க்கப்படும்.

#7 இசைவாணை

தெற்குவீதி சொன்னது சரி. விண்ணப்பிக்கிறவரும் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

சத்தம்: வரம்பு, பகல் (காலை 6 முதல் இரவு 10) / இரவு, டெசிபலில்: தொழிற்பகுதி 75/70, வணிகம் 65/55, குடியிருப்பு 55/45. உங்கள் 62 சென்ட் தொழிற்பகுதி ஆனாலும் வேலிக்கு அந்தப்பக்கம் குடியிருப்புதான். புகார் வந்தால் கருவியை அவர்கள் வாசலில் வைத்துத்தான் அளப்பார்கள். ஆகவே 55/45-க்கே வடிவமையுங்கள்.

ஜெனரேட்டருக்கு ஒலிக்கூடத்தோடு (சத்தம் அடக்கும் மூடி) 1 மீட்டரில் 75 டெசிபல் என்பது விதி. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 குறையும். 2 மீட்டரில் 69, 4-ல் 63, 8-ல் 57, 16-ல் 51, 32-ல் 45. 62 சென்ட் என்பது 2,509 சதுர மீட்டர், சதுரமாக இருந்தால் பக்கம் 50 மீட்டர். நட்ட நடுவில் வைத்தாலே வேலிக்கு 25 மீட்டர்தான். அங்கே 47 வரும். இரவில் அதுவே மீறல். அதனால் ஜெனரேட்டரைக் கிழக்கு மூலைக்குத் தள்ளி, ஷெட் கட்டடமே நடுவில் மறைப்பாக நிற்கும்படி வையுங்கள். புகைபோக்கியின் வாயை வீட்டுப் பக்கம் திருப்பாதீர்கள்.

சிஎன்சி லேத் மூடிய இயந்திரம், அது பெரிதாகத் தொந்தரவு தராது. சண்டை வருவது மூன்று விஷயத்தால்: கம்ப்ரசரின் காற்று வெளியேறும் சீறல், ஏர் கன் வைத்து சிப் ஊதுவது, இரும்புக் கம்பியை லாரியிலிருந்து தரையில் போடுவது. கம்ப்ரசர் திருகு வகையாக, தனி அறையில், அதிர்வுத் தாங்கி மேல். இறக்குமிடத்தில் ரப்பர் பாய் அல்லது மரக்கட்டை. ராத்திரி ஷிப்டில் லோடு இறக்குவதில்லை என்று எழுதியே கொடுங்கள். பவர் பிரஸ் எதிர்காலத்திலும் வேண்டாம். அதன் குத்து மண் வழியாகப் போகும். சுவர் எழுப்பித் தடுக்க முடியாது.

கூலன்ட் பற்றியும் ஒரு வரி. நீரில் கரையும் எண்ணெய் கெட்டுப்போனால் சாக்கடையில் ஊற்றுவது பச்சை வகைப் பட்டறைகள் மாட்டிக்கொள்ளும் முதல் காரணம். சிப் தொட்டிக்கு அடியில் வடிதட்டு, கூரை, எண்ணெய் பிரிக்கும் தொட்டி மூன்றும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

#8 மின்பளு

65 எச்பி என்றால் 0.746-ஆல் பெருக்கி 48.5 கிலோவாட். குடிசை, குறுந்தொழில் கட்டண வகை 3-ஏ(1) 12 கிலோவாட்டோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் அதற்கு மேலான தொழிற்சாலைகளுக்குரிய 3-பி. டிரான்ஸ்பார்மரில் பளு இருக்கிறதா என்று பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். புது டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டி வந்தால் இடமும் செலவும் உங்கள் தலையில் வரலாம்.

பலரும் செய்யும் வேலை, கட்டுமானத்துக்கோ வீட்டுக்கோ வாங்கிய இணைப்பில் மெஷினை ஓட்டிப் பார்ப்பது. மின்சாரச் சட்டம் 2003 பிரிவு 126-ல் அது அனுமதியற்ற உபயோகம். பொருந்தும் கட்டணத்தின் இரண்டு மடங்கு. எப்போதிலிருந்து என்று நிறுவ முடியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் போடுவார்கள். அந்த ஆய்வு அறிக்கையையே ஆட்சேபக்காரர் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, "மாற்றம் கிடைக்கும் முன்பே ஓட்டுகிறார்" என்று கோப்பில் சேர்த்துவிடலாம்.

#9 காங்கிரீட்_கலவை

இவ்வளவு ஏன்? ஊராட்சியில் ரசீது வாங்கி ஷெட் போட்டுட்டு, அப்புறம் வரன்முறை (அனுமதியில்லாம கட்டினதைப் பின்னால ஒழுங்குபடுத்தறது) பண்ணிக்கலாம். அப்படித்தானே எல்லாரும் பண்றாங்க.

#10 புலப்படம்

வேண்டாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் வந்த வரன்முறை 1-7-2007-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கு. 2017-ல் வந்த மனை வரன்முறை 20-10-2016-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு. இன்று கட்டும் ஷெட்டுக்கு இரண்டும் உதவாது. அதே சட்டத்தின் பிரிவு 56, 57-ல் நோட்டீஸ் கொடுத்துப் பூட்டி முத்திரை வைக்க முடியும். உள்ளே சிஎன்சி நிற்கும்போது முத்திரை விழுந்தால் மெஷின் கடன் தவணை மட்டும் ஓடும். வீட்டு வரி ரசீதும் ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் திட்ட அனுமதி ஆகாது.

ஆய்வுக்கு வரும் நாளில் தரையில் கட்டடம் நிற்பது விண்ணப்பத்துக்கே கெடுதல். காலி நிலத்துக்கான மாற்றமாகப் பார்க்கப்பட வேண்டியது விதிமீறலை மறைக்கும் முயற்சியாகத் தெரியும்.

இனி ஆவணங்கள். மூலப் பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல். 30 வருட வில்லங்கம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம். உட்பிரிவு ஆகியிருந்தால் பத்திரத்தில் உள்ள நான்கெல்லையும் புல வரைபடமும் பொருந்த வேண்டும். பத்திரத்தில் 62 சென்ட், புல வரைபடத்தில் கூட்டினால் 60½ என்பது சகஜம். முதலில் சர்வேயரை வைத்து அளந்து, குறைவானதற்கே விண்ணப்பியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பட்டாதாரர் சம்மதமும் வேண்டும். பள்ளத்துக்கு அருகில் இருப்பதால் நீர்வளத் துறையின் வெள்ளத் தடையின்மைச் சான்று கேட்கப்படும். சுற்றுப்புறத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று: வீடுகள், ரோடு அகலம், மின்கம்பி, கிணறு, கோயில், பள்ளிக்கூடம் எதையும் விடாமல். ஒரு வீட்டை விட்டுவிட்டுப் படம் போட்டால் ஆய்வில் கண்டுபிடிப்பார்கள், பிறகு மற்ற காகிதங்களையும் நம்ப மாட்டார்கள். ஊராட்சித் தீர்மானத்தில் க.ச. எண்ணும் பரப்பும் எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். "தொழில் தொடங்க ஆட்சேபமில்லை" என்ற மொட்டைத் தீர்மானம் திரும்பி வரும்.

மேற்கே தொண்டாமுத்தூர், மதுக்கரைப் பக்கம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் அந்தக் குழுமத்தின் அனுமதி தனி. அதை முதலிலேயே சரிபாருங்கள். பட்டியலில் இருந்தால் இந்த இழையில் பேசிய கணக்கெல்லாம் மாறும்.

62 சென்ட் 3,000 சதுர மீட்டருக்குக் கீழே என்பதால் திறந்தவெளிக்கு ஒரு பங்கு நிலம் ஒதுக்கும் பேச்சு எழாது. அது ஒன்று உங்களுக்கு லாபம்.

#11 தெற்குவீதி

சிட்கோ தொழிற்பேட்டையிலோ தனியார் தொழிற்பேட்டையிலோ இடம் பார்க்கலாமே? மண்டலப் பிரச்சினை இல்லை, ரோடு இருக்கிறது, ராத்திரி ஷிப்ட் ஓட்டலாம். இந்த 62 சென்ட்டை வீட்டுமனையாக விற்றால் கிடைக்கும் தொகையில் அங்கே ஷெட்டே வாங்கலாம். குடியிருப்பு மண்டல நிலத்தைத் தொழிற்சாலையாக மாற்றினால் அது சர்வே எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நாளை பட்டறை வேண்டாம் என்று முடிவெடுத்தால் அங்கே வீடு கட்டுவதற்கு மறுபடியும் மாற்றம் கேட்க வேண்டும். வாங்க வருகிறவருக்கு வங்கி வீட்டுக் கடன் தராது. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போதும் இதுவே சிக்கல்.

#12 வரைவாளர்

இந்த வாதத்தில் பெரும்பகுதி எனக்கு ஒப்புதல். ஆனா கணக்கை முழுசாப் போடணும். பேட்டையில் இடம் குத்தகையா கிரயமா, கைமாத்த யார் அனுமதி வேணும், குறிப்பிட்ட காலத்துக்குள்ள உற்பத்தி தொடங்கலைன்னா ஒதுக்கீடு ரத்தாகுமா, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவுன்னு ஒதுக்கீட்டு ஆணையில் பார்க்கணும். ஆள் எங்கிருந்து வர்றாங்க, ஜாப் ஒர்க் கொடுக்கற பம்ப் கம்பெனி எத்தனை தூரம்னும் பார்க்கணும்.

இங்கேயே முயற்சி பண்றதா இருந்தா, 62 சென்ட் முழுசையும் மாத்தக் கேட்காதீங்க. மேற்கே வீட்டை ஒட்டி 15 மீட்டர் பட்டையை உட்பிரிவு பண்ணிக் குடியிருப்பாவே விட்டுட்டு மிச்சத்துக்கு மட்டும் கேளுங்க. 50-க்கு 15, 750 சதுர மீட்டர், ஏறக்குறைய 18½ சென்ட். மிச்சம் 43½ சென்ட். 5 மெஷினுக்கு 12-க்கு 24 மீட்டர் ஷெட் தாராளம். அந்தப் பட்டையில் ரெண்டு வரிசை மரம் வைங்க. மரம் சத்தத்தைத் தடுக்கும்னு நம்பி வைக்க வேண்டாம், அதுக்குச் சுவர்தான். கண்ணுக்கு மறைப்பு, தூசிக்குத் தடுப்பு, ஆட்சேபத்துக்குப் பதில், இந்த மூணுக்கும் உதவும். பட்டையில் நாளைக்கு வீடு கட்டலாம், விக்கலாம். உட்பிரிவு பண்ணும்போது அந்தத் துண்டுக்கும் ரோடு முகம் இருக்கற மாதிரி வடக்கு தெற்கா வெட்டுங்க.

கேட் கிழக்கு ஓரம். லாரி உள்ளயே திரும்பி முன்பக்கமா வெளிய வரணும். ரோட்டில் ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருந்தா அதை வெச்சே ஆட்சேபம் ஜெயிக்கும். 19 அடி லாரி போதும்னா கேட்டுக்கு உள்ள திரும்பற வட்டத்துக்கு இடம் விட்டு, அப்புறமா ஷெட்டை நிறுத்துங்க. ஷெட்டை முதல்ல வரைஞ்சுட்டு மிச்ச இடத்தில் லாரியைத் திருப்பப் பார்த்தா வராது.

#13 பட்டறை_62

ரொம்ப நன்றிங்க. இப்ப முடிவு: முதல்ல நில உபயோகச் சான்று, ரோடு பதிவேடு நகல், சர்வேயர் அளவு. 18 அடி இடம் படத்தில் எத்தனைன்னு பார்த்துட்டுத்தான் அடுத்த செலவு. அது தேறலைன்னா பேட்டையில் ஷெட் பார்க்கறேன். பட்டை விடற யோசனையைப் பக்கத்து வீட்டாரிடம் வரைபடத்தோடயே காட்டலாம்னு இருக்கேன், அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி. கடைசியா ஒண்ணு, அரசிதழில் வந்தா அதில் என்ன சரிபார்க்கணும்?

#14 புலப்படம்

அறிவிப்புக்கு முன்பே வீட்டாரிடம் காட்டுவது நல்லது. அவர்கள் ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் எதை எதிர்க்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியும்.

சென்னைப் பெருநகரின் மாற்றங்கள் அரசிதழ் பகுதி 6, பிரிவு 1-ல் வந்து குவிந்திருக்கின்றன. மாதிரிக்கு நான்கைந்தை எடுத்துப் படியுங்கள், வாசகம் பழகிவிடும். ஒவ்வொன்றிலும் எந்த முழுமைத் திட்டம், எந்த அரசாணை, எந்தப் பிரிவில் திருத்தம், கிராமம், க.ச. எண், எந்த மண்டலத்திலிருந்து எந்த மண்டலத்துக்கு, திருத்த வரைபடத்தின் எண், விதித்த நிபந்தனைகள் என்று வரும். அடியில் வரும் விளக்கக் குறிப்பு திருத்தத்தின் பகுதி இல்லை என்று அதிலேயே போட்டிருக்கும். ஆகவே அட்டவணையில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுடையதில் முதலில் பார்க்க வேண்டியது உட்பிரிவு எண். விண்ணப்பித்தபோது 245/2 (எண் உதாரணத்துக்கு), இடையில் உட்பிரிவாகி 245/2ஏ, 245/2பி ஆகியிருந்தால், பழைய எண்ணில் அரசிதழ் வெளியாகி மாற்றம் எந்தத் துண்டுக்கு என்ற கேள்வி வரும். பட்டை பிரிக்கும் வேலையை முடித்து, புது எண்ணில் பட்டா கைக்கு வந்த பிறகே விண்ணப்பியுங்கள். அடுத்து "பகுதி" என்ற சொல். எண்ணுக்குப் பக்கத்தில் அது இருந்தால் வரைபடம் இல்லாமல் அந்த அறிவிப்பால் பயனில்லை, வரைபடத்தின் சான்றிட்ட நகலைச் சேர்த்தே வாங்குங்கள். நிபந்தனையில் ரோட்டை அகலப்படுத்தித் தானம் கொடுக்கச் சொல்லியிருந்தால் திட்ட அனுமதி விண்ணப்பத்துக்கு முன் அது முடிந்திருக்க வேண்டும்.

புது முழுமைத் திட்டம் வரும்போது பழைய திருத்தங்கள் புது வரைபடத்தில் ஏறியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வரைவு வெளியானால் ஆட்சேபம், ஆலோசனை சொல்ல 2 மாதத்துக்குக் குறையாமல் காலம் தருவார்கள். அரசிதழ் நகலை இணைத்து அந்தக் காலத்துக்குள் மனு கொடுங்கள்.